சிங்கப்பூர் போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: பேரனைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறேன். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை 6 மணி என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 8-க்கு ஏறி 9.40-க்கே சென்னை! ஒரே தூரம்தானே?
*— வாசகி, கும்பகோணம்*

பதில்: ஒரே தூரம்தான் அம்மா. மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நடுவே சுமார் 2,900 கிலோமீட்டர். போகவும் வரவும் நாலேகால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தைக் கிளம்புகிற ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரத்தை இறங்குகிற ஊர்க் கடிகாரப்படியும் போடுவார்கள், குழப்பம் அங்கேதான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் காலை 6-க்கு இறங்கும்போது கும்பகோணத்தில் மூன்றரை, பால்காரர்கூட வந்திருக்க மாட்டார், அதனால் "வந்து சேர்ந்தேன்" என்று வீட்டுக்கு உடனே போன் போடாதீர்கள். திரும்பும் நாளில் அங்கே இரவு 8 என்றால் இங்கே சாயங்காலம் ஐந்தரை. அதிலிருந்து 9.40 வரை எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

1981 கடைசி வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். மலேசியாவோடு ஒத்துப்போக 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அங்கே விடியவே ஏழு மணி ஆவது அதனால்தான்.

அப்புறம், தேதியைப் பாருங்கள். உங்களுடையது இரவு 11.15, பிரச்சினை இல்லை. நடுராத்திரி 12 மணிக்கே தேதி மாறிவிடும். என் மைத்துனருக்கு 15-ஆம் தேதி நடுராத்திரி தாண்டி 12.20 விமானம். அவர் 15-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு, ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்த பெட்டியோடு போய் நின்றார். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது.

கேள்வி: விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகம் என்றால் 2,900 கி.மீ.க்கு மூன்றரை மணி போதுமே, மீதி எங்கே போகிறது?
*— கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

பதில்: நல்ல கேள்வி. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை தம்பி, நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பது வரை எல்லாம் அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கும் முன் வட்டமடிப்பது. 850 என்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகு வரும் வேகம், ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. 2,900 என்பதும் வரைபடத்துத் தூரம், வான்வழி அதைவிடக் கொஞ்சம் வளைந்துதான் போகும். லண்டன் போன்ற தூரமான ஊர் என்றால் காற்றும் கணக்கில் வரும். மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்றை எதிர்த்துப் போவதால் சென்னையிலிருந்து போக, வருவதைவிட ஒரு மணி நேரம்போல அதிகம் பிடிக்கும்.

கேள்வி: சென்னை – மதுரைக்கு விமானம் லாபமா?
*— வாசகர், திருமங்கலம்*

பதில்: சுமார் 420 கி.மீ., ஒன்றேகால் மணிச் சொச்சம். ஆனால் இரண்டு மணி முன்னாலேயே போய் நிற்க வேண்டும், தாம்பரம் தாண்டி வருபவருக்கு அதற்கு முன் ஒரு மணி டிராஃபிக், இறங்கிய பிறகு பெட்டிக்குக் காத்திருப்பு வேறு. எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம். பகல் ரயில் ஆறு மணிச் சொச்சத்தில் கொண்டுவிடுகிறது. அவசரம் இல்லையென்றால் நான் ரயில்தான்.