தாய்லாந்துத் தடுப்பூசி – கடிதம்

வணக்கம். தாய்லாந்தில் நடந்த ஆர்வி144 எய்ட்ஸ் தடுப்பூசிச் சோதனை 31 சதவீதம் பலன் தந்ததாக 2009-ல் செய்தி வந்தது. ஒன்றுமே இல்லாததற்கு அதையாவது ஆசிய நாடுகளில் போட்டிருக்கலாமே? மருந்துக் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்கிறார் நண்பர்.
செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

யாரும் அமுக்கவில்லை. ரயோங், சோன்புரி மாகாணங்களில் 16,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு வெற்று ஊசி. மூன்றரை ஆண்டில் தடுப்பூசிக்காரர்களில் 51 பேருக்கும் மற்றவர்களில் 74 பேருக்கும் தொற்று. வித்தியாசம் 23 பேர்தான். இந்தச் சிறு எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டால் உண்மையான பலன் 1 சதவீதமாகவும் இருக்கலாம், 52 ஆகவும் இருக்கலாம். ஆறு மாதத்துக்குள் நான்கு தவணை போட்டும், முதல் ஆண்டில் 60 சதவீதம் வரை தெரிந்த பாதுகாப்பு பிறகு சரிந்தது. தொற்றியவர்களின் ரத்தத்தில் வைரஸ் அளவும் குறையவில்லை.

தொற்று எண்ணிக்கையே குறைவாக இருந்ததற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. பாலியல் தொழில் விடுதிகளில் ஆணுறையைக் கட்டாயமாக்கும் திட்டத்தை 1991-ல் தாய்லாந்து நாடு முழுக்க விரித்திருந்தது. 1993-ல் படைக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களில் 4 சதவீதத்தைத் தொட்ட தொற்று, அதன்பின் இறங்கியது.

இன்னொன்று, ஆசியா முழுக்கச் சுற்றுவது ஒரே வைரஸ் அல்ல. அந்தச் சோதனையின் ஊக்க ஊசி (பூஸ்டர்) எச்ஐவியின் பி, ஈ வகைகளுக்காகச் செய்யப்பட்டது. ஈ வகைதான் தென்கிழக்கு ஆசியாவில் அதிகம். இந்தியாவில் பெரும்பாலும் சி வகை. சி வகைக்கு ஏற்ப மாற்றித் தென்னாப்பிரிக்காவில் செய்த சோதனையில் தடுப்பூசிக்காரர்களில் 129, வெற்று ஊசிக்காரர்களில் 123 தொற்றுகள். 2020-ல் நிறுத்திவிட்டார்கள். தாய்லாந்தில் போட்டுப் பரப்பியிருந்தால், பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பி ஆணுறையை விட்டவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

"ஒன்றுமே இல்லாததற்கு" என்கிறீர்கள். இன்று லெனகாபவிர் இருக்கிறது. தடுப்பூசி அல்ல, மருந்து: ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசி, தொடக்கத்தில் முதல் இரண்டு நாள் மாத்திரையும் உண்டு. 2024-ல் வெளியான ஆப்பிரிக்கச் சோதனையில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் எச்ஐவி பரிசோதனை கட்டாயம். ஏற்கெனவே தொற்றியவருக்கு இது ஒன்றை மட்டும் போட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும்.

உங்கள் நண்பர் மருந்துக் கம்பெனிகளைக் கேள்வி கேட்க விரும்பினால் இங்கே கேட்கலாம்: இந்த மருந்தின் மலிவுப் பதிப்பை 120 நாடுகளில் விற்க 2024-ல் உரிமம் தரப்பட்டது, அதில் சீனா இல்லை.