எழுதிவைத்த வரிகள் – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். படித்ததில் பிடித்த வரிகளைப் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதிவைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம். முக்கூடற்பள்ளின் மழைப் பாட்டு, குற்றாலக் குறவஞ்சியின் ‘வானரங்கள் கனிகொடுத்து’, விவேகசிந்தாமணியின் குரங்கு - தூக்கணாங்குருவிப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. கல்லூரியில் தமிழ் படிக்கும் என் மதினி மகன் நோட்டைப் பார்த்துவிட்டு, “அத்தே, இப்படித் துண்டு துண்டாப் பிச்சு எடுத்து வச்சா அது ரசனை ஆகாது. முழுசாப் படிக்கணும். ஏன் பிடிச்சிருக்குன்னு சொல்லவும் தெரியணும்” என்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லும்போது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இது ரசனை இல்லையா?

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புத் தங்கைக்கு,

ரசனைதான். வாய்விட்டுச் சொல்லும்போது நன்றாக இருக்கிறது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதிலேயே திளைத்தவர் அவர். அவரும் பொறுக்கியெடுத்தவர்தான். கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களைக் கம்பன் வாக்கு இல்லை என்று ஒதுக்கிவிட்டார். அந்த ஒதுக்கலில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு பாட்டோடு அத்தனை நேரம் உட்காரத் தெரிந்த மனிதர் என்பதால் அவர்மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு.

உங்கள் மருமகன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் எடுத்த வரியை எடுத்த இடத்தில் ஒரு முறையாவது திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் நோட்டில் இருக்கும் மழைப் பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஆற்று வெள்ளம் நாளை வரத் தோற்றுதே குறி - மலை
யாள மின்னல் ஈழ மின்னல் சூழ மின்னுதே
நேற்றும் இன்றும் கொம்பு சுற்றிக் காற்றடிக்குதே - கேணி
நீர்ப்படு சொறித்தவளை கூப்பிடுகுதே

இதில் இன்னும் ஒரு துளி மழைகூட விழவில்லை. வெள்ளம் நாளைக்குத்தான். இருந்தும் பாட்டு முழுக்க நனைந்திருக்கிறது. கண் போகும் வழியைப் பாருங்கள்: முதலில் வானத்து மின்னல், அப்புறம் மரக்கிளையைச் சுற்றும் காற்று, அப்புறம் கேணித் தவளை, அடுத்த வரியில் சேற்றில் வளையை அடைக்கும் நண்டு. அவ்வளவு கீழே இறங்கிய பிறகு, மழை தேடி ஆடும் வானம்பாடியோடு ஒரே எட்டில் மறுபடி மேலே. மேற்கே மலையாளத்து மின்னல், கிழக்கே ஈழத்து மின்னல். தென்மேற்கு மழையால் கார், வடகிழக்கு மழையால் பிசானம் என்று இரண்டு பருவத்தையும் நம்பி நெல் போட்ட சீமையின் பாட்டு இது. இரண்டு திக்கையும் பார்த்துக்கொண்டு வயலில் நின்ற ஒருவன் கண்ணால் பார்த்தது என்றே எனக்குத் தோன்றும். யார் எழுதினார் என்பது தெரியாமல் போன நூல் என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

‘துள்ளிக் கொள்வோமே’ என்று பாட்டு முடிகிறது. நோட்டில் அதோடு நின்றுவிடும். நூலில் நிற்காது. இது பள்ளன் என்ற உழவனும் அவன் இரண்டு மனைவியரும் வரும் கதை; மூத்தவள் முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. மழை பெய்து, ஆறு பெருகி, பண்ணையை மேற்பார்க்கும் பண்ணைக்காரன் வருகிறான். மூத்தவள் போய் முறையிட, இளையவளே கதி என்று கிடந்த பள்ளனைப் பிடித்துக் குட்டையில் மாட்டுகிறான். காலை மரக்கட்டைக்குள் பூட்டிவைக்கும் தண்டனை அது. பிறகு அதே மூத்தவள்தான் கெஞ்சி அவனை விடுவிக்கிறாள். முழு நூலையும் படித்த பிறகு மழைப் பாட்டுக்கு வந்தால், அந்தத் துள்ளல் குறையவில்லை. நாளை மழை என்று துள்ளுகிறவனுக்கு நிலமும் சொந்தமில்லை, அவன் காலும் அவனுக்குச் சொந்தமில்லை என்பது மட்டும் கூடவே தெரிகிறது. எனக்கு அந்தப் பாட்டு அதற்குப் பிறகுதான் இன்னும் நெருக்கமானது.

குற்றாலப் பாட்டும் அப்படித்தான். ‘தேனருவித் திரையெழும்பி வானின்வழி ஒழுகும், செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்.’ அருவித் தண்ணீர் வானத்துப் பாதையில் வழிந்து சூரியனின் குதிரைக் குளம்பும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன. பெரிய கற்பனைதான், ஆனால் அருவிக்கரைப் பாறையில் கால் வைத்தவர்களுக்கு அந்த வழுக்கல் உடம்பிலேயே தெரியும். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். இதைச் சொல்வது ஊர் ஊராகக் குறி சொல்லிப் பிழைக்கும் குறத்தி என்பதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கதைநாயகி வசந்தவல்லியின் முன்னால் நின்றுகொண்டு ‘மலையெங்கள் மலையே’ என்கிறாளே, அந்த ‘எங்கள்’ எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது! அந்த மலையில் பிறக்கும் சிற்றாறுதான் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது; பள்ளு பாடும் முக்கூடல் அந்த இடம்தான். உங்கள் நோட்டில் இரண்டு பாட்டும் அடுத்தடுத்து இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விவேகசிந்தாமணிப் பாட்டில் மட்டும் நான் வேறு மாதிரி. ‘வானரம் மழைதனில் நனையத் தூக்கணம், தானொரு நெறிசொலத் தாண்டிப் பிய்த்திடும்.’ மழையில் நனையும் குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்ல, குரங்கு தாவி அதன் கூட்டையே பிய்த்துவிடுகிறது. பஞ்சதந்திரத்திலும் உள்ள கதை. ஒரு முழுக் கதை இரண்டே வரியில் முடிந்துவிட்டது. ‘தாண்டி’ என்று சொல்லும்போதே குரங்கு கிளைவிட்டுக் கிளை போய்விடுகிறது. பின்னிரண்டு வரிகள் ஈனருக்குப் புத்தி சொல்லாதே என்கின்றன. அவற்றை நான் மனசில் வைத்துக்கொள்வதில்லை. நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனிடம், கூட்டுக்குள் இருந்துகொண்டு நெறி சொன்ன குருவியின் பேரிலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கதை சொல்கிற நீதியை விட்டுவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொள்ள வாசகருக்கு உரிமை இருக்கிறது. அந்த வகையில் இதைப் பிய்த்து எடுப்பதே சரி.

முதலில் முக்கூடற்பள்ளை முழுதாகப் படியுங்கள், சின்ன நூல்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு கிடைக்கிறது. முக்கூடல்காரி பெருமாள் பக்கம், மருதூர்க்காரி சிவன் பக்கம் நின்று ஒருத்தி சாமியை இன்னொருத்தி ஏசும் ஏசல் பகுதியைத் தனியாகப் படிக்காதீர்கள். மதினியைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கட்சியாகச் சத்தமாக வாசியுங்கள், மருமகனும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலிருந்து எந்த வரி நோட்டுக்குப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி