க்யூட்டில் எந்தப் பாடம் எழுதலாம்? டீச்சரிடம் கேளுங்கள்

கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, மலைப்பகுதி வாசகர்களின் மேற்படிப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை கேள்விகள் க்யூட் பற்றி, அதாவது மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றில் இளநிலைப் படிப்பில் சேர எழுதும் பொது நுழைவுத் தேர்வு பற்றி.

வாசகி, கோத்தகிரி அருகில் ஒரு கிராமம்: டீச்சர், நான் பிளஸ் டூ பயோ-மேத்ஸ் குரூப். செடி, மரம் என்றால் எனக்கு உயிர். தாவரவியல் ஆனர்ஸ் அல்லது வனவியல் படிக்க ஆசை. க்யூட்டில் ஐந்து பாடம் வரை எழுதலாமாம். "ஐந்தையும் போட்டுவிடு, எது கைகொடுக்கிறதோ பார்க்கலாம்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கோவையில் தங்கிக் கோச்சிங் போக வழியில்லை. எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

கண்ணு, விண்ணப்பத்தில் பாடம் டிக் செய்யும் இடத்துக்கு நீ கடைசியாகத்தான் வர வேண்டும். முதலில் எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒரு தாளில் எழுது. நாலைந்து பெயர் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அந்தப் படிப்புக்கு அவர்கள் எந்தெந்தப் பாடத் தேர்வு கேட்கிறார்கள் என்று எழுது. க்யூட் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. ஆனால் எந்தப் பாடத்தின் மதிப்பெண் வேண்டும் என்று முடிவு செய்வது ஒவ்வொரு பல்கலைக்கழகமும்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். டெல்லி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆனர்ஸ் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே ஒரு மொழி. வேளாண் பல்கலைக்கழகங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2023 முதல் க்யூட் மதிப்பெண்ணைத்தான் எடுக்கிறார்கள். அங்கேயும் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்க்கை செல்லும். ஆக, ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று நான்கு. அத்தோடு நிறுத்து. ஐந்தாவதாகக் கணிதம் எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பாய். நஷ்டம் நேரம்தான். ஏப்ரலிலும் மேயிலும் உன் கையில் இருக்கும் கொஞ்ச நாளில், வேறெந்தக் கதவையும் திறக்காத ஒரு பாடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவாய். உன் பட்டியலில் கணிதம் கேட்கிற படிப்பு ஒன்றாவது இருந்தால் மட்டும் எடு. காசும் இருக்கிறது: மூன்று பாடம் வரை ஒரே கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

இன்னொன்று. பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் க்யூட்டில் எழுதலாம் என்று 2025-இல் விதி வந்தது. அதை நம்பி உளவியல், புவியியல் என்று புதிதாகத் தொடாதே. டெல்லி பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களில்தான் க்யூட் எழுதியிருக்க வேண்டும் என்கிறது. தேர்வு முகமை எழுத விடுவதும், கல்லூரி ஏற்றுக்கொள்வதும் ஒன்றில்லை.

சரி, எப்படிப் படிப்பது? க்யூட்டின் பாடத்திட்டம், மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டியது. உயிரியல் என்று ஒரே தாள். இனப்பெருக்கம், மரபியலும் பரிணாமமும், மனித நலன், உயிரித் தொழில்நுட்பம், சூழலியல் என்று ஐந்து அலகு. உன்னிடம் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம் இருக்கும். அந்தப் பாடத்திட்டத்தை இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடு. ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில், அது நம் புத்தகத்தில் எந்தப் பாடத்தில் வருகிறது என்று பென்சிலால் எழுது. ஒரு சாயங்கால வேலைதான். முடித்ததும் மூன்று வகை தெரியும். நம் புத்தகத்தில் அப்படியே இருப்பது: மெண்டல், டிஎன்ஏ, மனித இனப்பெருக்கம், உயிரினத்தொகை என்று பெரும்பகுதி இதில் அடங்கிவிடும். நம் புத்தகத்தில் இருந்தும் க்யூட்டுக்குத் தேவைப்படாதது: பொருளாதாரப் பயனுள்ள தாவரங்கள் பற்றிய பாடம் மாதிரி. அதைப் பொதுத்தேர்வுக்குப் படி, மார்ச்சோடு மூடிவை. மூன்றாவது, அங்கே இருந்து இங்கே இல்லாதவை, அல்லது இங்கே நாலு வரியில் முடிந்துபோனவை. ஏப்ரலில் உன் உழைப்பு முழுக்க இந்த மூன்றாவது வகைக்குத்தான். என்சிஇஆர்டி புத்தகங்களை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் கைடைவிட அது நல்லது.

வாசிப்பு முறையும் மாற வேண்டும். பொதுத்தேர்வுக்கு ஐந்து மார்க் கேள்வியாக எது வரும் என்று பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். இங்கே ஒவ்வொரு வரியும் கேள்விதான். மனித மரபணுத் திட்டம் பற்றிய பகுதியில், முதலாம் குரோமோசோமில் 2968 மரபணுக்கள், ஒய் குரோமோசோமில் 231 என்று ஒரு வரி வரும். நம் பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அடுத்த ஐந்து மார்க் கேள்வி டிஎன்ஏ ரேகை அச்சில் இருக்கிறது என்று தெரியும். க்யூட்டில் இந்த மாதிரி எண்ணை வைத்துப் 'பொருத்துக' வரலாம். நான்கு கூற்று கொடுத்து எவை சரி என்று கேட்கலாம். அதனால் பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொரு பத்தியிலிருந்தும் நீயே இரண்டு ஒரு மார்க் கேள்வி எழுதிப் பார். புக் பேக் கேள்வி மட்டும் இங்கே காப்பாற்றாது.

வனவியல் என்றாயே, அதற்கு ஒரு வார்த்தை. மலை இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான், க்யூட் இல்லை. உன் முதல் விண்ணப்பம் அங்கே போகட்டும். பொதுத்தேர்வை விட்டுவிட்டு க்யூட்டின் பின்னால் ஓடினால், வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் நல்ல இடத்தைத் தொலைப்பாய். உனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

வாசகர், கூடலூர்: தமிழ் மீடியம் மாணவன் நான். வரலாறு படிக்க விருப்பம். தமிழில் எழுதினால் மதிப்புக் குறையுமா? தப்பான விடைக்கு மார்க் குறைப்பார்கள் என்பதால் பயமாக இருக்கிறது.

தமிழில் எழுதலாம் தம்பி, மதிப்புக் குறையாது. வினாத்தாள் பதின்மூன்று மொழிகளில் வருகிறது, தமிழும் அதில் ஒன்று. விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. என்சிஇஆர்டி புத்தகம் தமிழில் வருவதில்லை. நம் பாடநூலில் ஒரு கலைச்சொல், தேர்வு மொழிபெயர்ப்பில் வேறொரு சொல் என்று இருக்கும். ஒரு நோட்டில் முக்கியமான சொற்களுக்குத் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கம் பக்கமாக எழுதிவை. மொழித்தாள் வேறு விஷயம். தமிழையே மொழித்தாளாக எடுக்கலாம், ஆனால் நீ போக நினைக்கும் பல்கலைக்கழகம் ஆங்கிலம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய். மொழித்தாளுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. பத்தி கொடுத்துக் கேள்வி, சொல்வளம், வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, அவ்வளவுதான். தினமும் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையைப் படிக்கிறவனுக்கு அது கஷ்டமில்லை.

மைனஸ் மார்க் பயத்துக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு தாளில் 50 கேள்வி, 60 நிமிடம், 250 மார்க். சரியான விடைக்கு 5 கூடும், தவறுக்கு 1 குறையும். நாலு விடைகளில் ஒன்றைச் சும்மா தேர்ந்தெடுத்தாலும், சராசரியாக நாலு கேள்வியில் ஒன்று சரியாகும்: ஐந்து கூடி, மூன்று குறைந்து, இரண்டு மிஞ்சும். இரண்டு விடையைத் தப்பென்று ஒதுக்கத் தெரிந்துவிட்டால், இரண்டு கேள்விக்கு நாலு மார்க் மிஞ்சும். ஆகவே கொஞ்சமாவது தெரிந்த கேள்வியை வெறுமனே விடாதே. கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது என்பதால், சிக்கிக்கொண்டால் குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. பழைய தாள்களை வைத்துப் பயிற்சி செய்யும்போது கவனம்: 2024 வரை 50-இல் 40 எழுதினால் போதும் என்று இருந்தது, நேரமும் பல பாடங்களுக்கு 45 நிமிடம்தான். 2025 முதல் 50-உம் எழுத வேண்டும்.

வாசகர், குன்னூர்: காமர்ஸ் குரூப். டெல்லியில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க ஆசை. பிளஸ் டூவில் கணிதம் இல்லை. பொருளியல் தாளில் நல்ல மார்க் எடுத்தால் கிடைக்குமா?

கிடைக்காது. டெல்லி பல்கலைக்கழகம் பொருளாதாரம் ஆனர்ஸுக்குக் கணிதம் கேட்கிறது. இது வருத்தமான பதில்தான், ஆனால் விண்ணப்பம் போடும் முன் தெரிவது நல்லது. கணிதம் கேட்காத படிப்புகளையும், திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்களின் விதிகளையும் தனித்தனியாகப் பார்.

ஒரு தாய், ஊட்டி: மகள் பிளஸ் டூ. பள்ளியில் எல்லோரும் க்யூட் போடுகிறார்கள் என்று அவளும் கேட்கிறாள். அவசியமா?

அவள் தமிழ்நாட்டிலேயே படிப்பதாக இருந்தால் பெரும்பாலும் அவசியமில்லை அம்மா. பொறியியல் கவுன்சலிங், அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்தான். உங்கள் ஊரிலேயே ஸ்டோன்ஹவுஸில் 1955-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறதே, அதற்கும் அப்படித்தான். மருத்துவத்துக்கு நீட், அது தனி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் அல்லது வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகம் மனதில் இருந்தால் மட்டும் க்யூட்.

போடுவதென்றால் இரண்டு வேலையை இப்போதே தொடங்குங்கள். நம் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய அரசு இடங்களுக்குச் செல்லாது. ஓபிசி சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்பு விவரத்தோடு, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் தேதி தாண்டிவிடும். இரண்டாவது, க்யூட் எழுதியதோடு அட்மிஷன் நடந்துவிடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மார்க் வாங்கியும் இதைத் தவறவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு பொறுப்பதில்லை.

வாசகி, குந்தா: தேர்வு மையம் கோவையில் விழுந்தால் காலையில் கிளம்பிப் போய்விடலாமா?

வேண்டாம், முந்தின நாளே இறங்கிவிடு. க்யூட் நடப்பது மே மாதம். மலையில் அது சீசன்: கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். நீ நினைத்த நேரத்துக்குக் கீழே போக முடியாது. கோடை மழையில் ஒரு மரம் விழுந்தாலும் போச்சு. எந்த ஊரில் மையம் என்கிற தகவல் ஹால் டிக்கெட்டுக்கு முன்பே வந்துவிடும். அது வந்ததும் கோவையில் தங்க சொந்தக்காரர் வீட்டைப் பேசிவை. வெவ்வேறு பாடம் வெவ்வேறு நாளில் வரலாம் என்பதால் இரண்டு மூன்று நாள் இருப்பேன் என்று சொல்லியே கேள். கீழே வெயில் வேறு தாங்காது, தண்ணீர் பாட்டிலும் மெல்லிய பருத்தி உடையும் எடுத்துக்கொண்டு போ.