முதல் நாளில் 90 கிலோமீட்டர்தான் போனோம்

"நண்பர்களோடு கோடை விடுமுறையில் காரில் நீண்ட பயணம் கிளம்புகிறோம். முதல் நாளில் எவ்வளவு தூரம் ஓட்டலாம்? உங்கள் அனுபவம் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து மே மாதத்தில் கிளம்புகிறவராக இருந்தால், முதல் நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள் என்றும், முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 4 மணி வரை வண்டியை நிழலில் விட்டுவிடுங்கள் என்றும்தான் சொல்வேன். இதை நாங்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆம்பூரில் ஒரு மெக்கானிக் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

2023ஆம் ஆண்டு மே மாதம், அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நாட்களில், நாங்கள் நால்வர் கர்நாடகத்தின் குடகு மலையிலுள்ள மடிக்கேரிக்குக் கிளம்பினோம். நான் காட்பாடியில் பள்ளி ஆசிரியன் என்பதால் எனக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது மே மாதத்தில்தான். மற்ற மூவரில் ஒருவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், ஒருவன் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கிறான், இன்னொருவன் வங்கி ஊழியன். திட்டம் போட்டவன் வங்கிக்காரன். வேலூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 210 கிலோமீட்டர், அங்கிருந்து மடிக்கேரி ஏறக்குறைய 260, ஆகவே மணிக்கு 60 வீதம் ஓட்டினால் எட்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தாளில் எழுதிக் காட்டினான். அந்தத் தாளில் தேநீருக்கும் சுங்கச்சாவடிக்கும் பெங்களூரு நெரிசலுக்கும் ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

காலை நாலரைக்குப் புறப்படுவதாகப் பேச்சு. என் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கை எங்கே வைப்பது என்ற வாதம், கூரை மேல் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியது, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது, கற்பூரம் காட்டியது எல்லாம் முடிந்து வண்டி நகர்ந்தபோது மணி 7:15. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்கு எதிரே நின்றிருந்த மருந்துக்கடைக்காரனை ஏற்றிக்கொண்டோம். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வது பழைய வழக்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் சாமி வந்துவிட்டதால் அந்த ஒன்று மட்டும் பொய்யாகிவிட்டது. ஆறும் மலையும் அன்று காலையிலும் வழக்கப்படியேதான் இருந்தன. அந்த மரமில்லா மலைகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் அந்தப் பாறைகள் இரவில்தான் அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்றும் இவ்வளவு உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. மே மாதத்தில் இங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதை யாரும் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் எங்கள் பாஸ்டேக் கணக்கில் பணம் இல்லை. அப்போதைய விதிப்படி இரட்டிப்புக் கட்டணம் கட்டினோம். வங்கியில் வேலை பார்ப்பவனின் பொறுப்பு அது என்பதை அவனுக்கு இன்றுவரை நாங்கள் நினைவூட்டிக்கொண்டிருக்கிறோம். அதைத் தாண்டி ஓரிடத்தில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் சும்மா வர முடியுமா? அரை மணி நேரம் போயிற்று.

ஆம்பூருக்குள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, மணி பத்தேகால் இருக்கும், எஞ்சின் வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறுவதை ஓட்டிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். நெரிசல் கலைந்தால் தானே இறங்கிவிடும் என்று நினைத்தேன். அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் ஏ.சி. காற்று வெதுவெதுப்பாகி, வெல்லப்பாகு காய்ச்சுவதைப் போன்ற ஓர் இனிப்பு வாசனை வண்டிக்குள் வந்தது. புளியோதரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த மிட்டாய் உருகிவிட்டதோ என்று பின்னால் இருந்தவர்கள் தேடத் தொடங்கினார்கள். பானெட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பிய பிறகுதான் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் வாசனை என்று புரிந்தது.

ஓரங்கட்டி நிறுத்தினோம். தோல் ஆலை நண்பன் பானெட்டைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனான். எதிரே பட்டறையிலிருந்து ஒரு பாய், "மூடியத் தொடாதே தம்பி, மூஞ்சி போயிடும்!" என்று கத்திக்கொண்டே சாலையைக் கடந்து ஓடிவந்தார். அவர் கத்தியதன் பொருளை அன்றுதான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் நீரை அந்த மூடி அழுத்தத்தில் வைத்திருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் கிடக்கிறது. மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டால் அந்தக் கணமே மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். முள் ஏறத் தொடங்கியவுடனே ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் எஞ்சினின் சூடு கொஞ்சம் வண்டிக்குள் வெளியேறும் என்பதும் பாய் சொன்னதுதான். நாம் வெந்தாலும் எஞ்சின் பிழைக்கும். நான் பேசாமல் இருந்த அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது கூலண்ட் போகும் ரப்பர் குழாயை, தொட்டுக் காட்டினார். கிளாம்ப் இறுக்கியிருந்த இடத்தில் ரப்பர் நகக்கீறல்போல மெல்லியதாக வெடித்திருந்தது; அதைச் சுற்றி வெண்மையும் பச்சையுமாக உப்புப் பூத்ததுபோல ஒரு பொருக்கு படிந்திருந்தது. "இது இன்னிக்கு வந்தது இல்ல தம்பி, ரெண்டு மாசமா ஒழுகுது. கெளம்புறதுக்கு முன்னாடி பானெட்டத் தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். எலுமிச்சம்பழம் நசுக்கினோம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹோஸ்களின் இரு முனைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள், டயரின் காற்றையும் வண்டி ஓடாத காலை நேரத்திலேயே அளந்துகொள்ளுங்கள், ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

புது ஹோஸ் வாங்க ஒரு பையனை அனுப்பிவிட்டு, "போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார். ஆம்பூரில் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? தம் உடைக்கும் நேரம். சீரகச் சம்பாவும், மிளகாய்த் தூளுக்குப் பதிலாகக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதும்தான் இந்த ஊர் பிரியாணியின் அடையாளம். காரம் நாக்கில் நிற்காமல் மெதுவாகத் தொண்டைக்கு இறங்கும். கூடவே புளிப்பும் எண்ணெயுமாய் வைக்கும் கத்தரிக்காய்தான் எனக்குப் பாதிச் சாப்பாடு. அம்மாவின் புளியோதரையை யாரும் நினைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வண்டி தயாராகிவிட்டது. உடனே கிளம்ப வேண்டும் என்று வங்கிக்காரன் கடிகாரத்தைக் காட்டினான். பாய் சாலையைக் காட்டினார். தார் உருகி மினுங்கிக்கொண்டிருந்தது. "மேல அவ்ளோ பாரம், உள்ள நாலு ஆளு, ஏ.சி. வேற. நாலு மணிக்குப் போங்க. இப்ப இன்னா அவசரம்?" என்றார். பட்டறைக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலும் இரண்டு பெஞ்சும் கிடந்தன. மூன்று மணி நேரம் அங்கே கிடந்தோம். கல்லூரி முடித்து இருபது ஆண்டுகளில் நால்வரும் கைபேசியைப் பார்க்காமல் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அன்றுதான். மருந்துக்கடைக்காரன் தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எங்களிடம் பேசியதும் அங்கேதான். மடிக்கேரியில் எடுத்த படங்கள் எங்கேயோ இருக்கின்றன; அந்தக் கட்டில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

இனி மடிக்கேரி ஆகாது என்று முடிவாயிற்று. மடிக்கேரி விடுதிக்குப் பேசி ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, வாணியம்பாடி வழியாக மலையடிவாரத்திலுள்ள பொன்னேரியில் திரும்பி ஏலகிரி மலைப்பாதையைப் பிடித்தோம். 14 கொண்டையூசி வளைவுகளுக்கும் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரதியாரையும் வள்ளுவரையும் கம்பரையும் தாண்டிப் பாரியிடம் வந்தபோது ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலை இறக்கினோம். கீழே அனலாய் அடித்த காற்று அங்கே வெறும் காற்றாகியிருந்தது. மலை ஏற ஏற வெப்பம் குறைவது இயல்பே என்றாலும், அந்த நாளுக்குப் பிறகு அது வள்ளல்தன்மையாகவே பட்டது. வழி நெடுக என் கண் முள்ளின்மேல்தான் இருந்தது. அது நடுக்கோட்டை விட்டு நகரவில்லை.

மேலே விடுதியில் பதிவேட்டை நீட்டியவர், "எங்கிருந்து சார் வர்றீங்க?" என்று கேட்டார். வேலூர் என்றோம். "எப்போ கெளம்பினீங்க?" என்றார். காலையில் என்றோம். அவர் எங்கள் முகங்களையும், கூரை மேல் கட்டியிருந்த பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அறைக்குப் போய் அந்தப் புளியோதரைத் தூக்கைத் திறந்தோம், கெட்டுப்போகவில்லை.