பணியிடப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நியர் மிஸ் (நூலிழையில் தப்பிய விபத்து) பற்றி எழுதிப் போடும் பெட்டி வைத்து ஓராண்டாகியும் ஒரு சீட்டுகூட விழவில்லை. எங்கள் ஆலையில் ஆபத்து இல்லை என்று கொள்ளலாமா?
(பாதுகாப்பு அலுவலர், நூற்பாலை)

பதில்: கொள்ளக் கூடாது. இதற்கு முன் குறை சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரியுங்கள். அவருக்கு மெமோ போயிருந்தால் பெட்டி காலியாகத்தான் இருக்கும். சொன்னவர் மீது பழி விழக் கூடாது; அவருக்கு ஒரு வாரத்துக்குள் பதிலும் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்புச் சூழலை உயர்த்துவது எப்படி?
(பெயர் வேண்டாம்)

பதில்: என்ன தொழில், எத்தனை பேர், என்ன நடந்தது என எதையுமே எழுதாமல் மருந்து மட்டும் கேட்கிறீர்கள். விவரத்துடன் மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: விபத்தில்லா நாட்களைப் பலகையில் எழுதி, நூறு நாள் எட்டினால் பிரிவு முழுவதற்கும் பரிசு தருகிறோம். சிலர் இது தவறு என்கிறார்கள். ஏன்?
(உற்பத்தி மேலாளர், வார்ப்பாலை)

பதில்: அவர்கள் சொல்வதே சரி. தொண்ணூற்றெட்டாம் நாளில் விரல் நசுங்கியவர், சக தொழிலாளர்களின் பரிசைக் கெடுத்தவர் என்ற பெயருக்கு அஞ்சி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியில் போய் மருந்து கட்டிக்கொள்வார். அந்த இயந்திரத்தின் தடுப்பு கழன்று கிடக்கும் செய்தி அடுத்து அங்கே நிற்கப்போகிறவருக்குப் போய்ச் சேராது. பல ஆலைகளில் இதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். பலகையில் ஏறும் எண் பெரும்பாலும் மௌனத்தின் கணக்கு. மெக்சிகோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடையில் ஏழாண்டுகளாக வேலைக்கு வர முடியாதபடி யாருக்கும் காயமே இல்லை என்று பாராட்டுவதற்காக அதிகாரிகள் வந்திருந்த 2010 ஏப்ரல் 20 அன்றுதான் மேடை வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். சிறு காயங்களின் எண்ணிக்கை பெருவிபத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பரிசு தந்தே ஆக வேண்டுமென்றால், தெரிவிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்ட குறைகளுக்குத் தாருங்கள். மறுபடியும் சொல்கிறேன்: சொன்னவர் மீது பழி விழக் கூடாது.

கேள்வி: ஷிப்ட் மாறும்போது வாய்ச்சொல் போதாதா?
(மேற்பார்வையாளர், ரசாயன ஆலை)

பதில்: போதாது. 1988 ஜூலையில் வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றதும் அவர்கள் இதை இயக்கினார்கள். இறந்தவர்கள் 167 பேர். எந்த இயந்திரத்தில் என்ன வேலை நடக்கிறது என்று எழுதும் பணி அனுமதிச் சீட்டை, ஷிப்டை ஒப்படைப்பவரும் ஏற்பவரும் இயந்திரத்தின் அருகிலேயே நின்று படித்துக் கையெழுத்திடட்டும். ஏற்பவர் கேள்வி கேட்கப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

கேள்வி: மூத்த ஃபிட்டர் ஒருவர் தமக்குத் தெரிந்ததை இளையவர்களுக்குச் சொல்லித் தர மறுக்கிறார். நடவடிக்கை எடுக்கலாமா?
(பராமரிப்புப் பொறியாளர்)

பதில்: வேண்டாம். கற்றுக்கொடுத்துவிட்டால் தம் இடத்தில் குறைந்த கூலிக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைத்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சலாம், அந்த அச்சத்துக்கு உங்கள் ஆலையிலேயே முன்னுதாரணமும் இருக்கலாம். அவருடைய வேலைக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். பயிற்றுநர் என்ற பொறுப்பும் அதற்கான படியும் கொடுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள்.