உழவு நிலத்தில் கிடைத்த ஈயக் குண்டுகளை என்ன செய்வது?

கேள்வி: இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் வசிக்கிறேன். நேஸ்பி போர்க்களத்தை ஒட்டிய ஒரு வயலில், உரிமையாளரின் அனுமதியோடு மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடியபோது சில ஈயக் குண்டுகள் கிடைத்தன. அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாமா? ஆய்வாளர்களுக்கு அவற்றால் ஏதேனும் பயன் உண்டா?

பதில்: தேய்க்க வேண்டாம். பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் அந்தப் பயனில் பெரும்பகுதி குண்டுகளைவிட அவை கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, போர்க்களத் தொல்லியல் எப்படி உருவானது என்பதைச் சற்றுப் பார்ப்பது நல்லது.

நேஸ்பியில் முதலாம் சார்லஸ் மன்னரின் படையை நாடாளுமன்றத்தின் புதிய படை 1645 ஜூன் 14 அன்று முறியடித்தது. சில மணி நேரத்தில் முடிந்துபோகும் ஒரு போர், குடியிருப்புகளைப் போல மண்ணில் அடுக்கடுக்கான தடயங்களை விட்டுச் செல்வதில்லை. எஞ்சுவதெல்லாம் உழவு மண்ணில் சிதறிய குண்டுகளும் பொத்தான்களும் வார்ப்பூட்டுகளுமே. அகழாய்வுகளிலோ அந்த மேல்மண்ணை முதலிலேயே இயந்திரத்தால் வழித்து அகற்றிவிடுவது வழக்கமாக இருந்ததால், போர்க்களத்தில் ஆராய ஒன்றுமில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. உமர் கய்யாம் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த எட்வர்ட் பிட்ஜெரால்ட் 1842-இல் வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைலுக்காக இதே நேஸ்பியில் தோண்டி எலும்புகளைக் கண்டார். ஆனால் புதைகுழியைத் தேடும் அந்த முறையால், யார் எங்கே நின்று போரிட்டார் என்பதைச் சொல்ல முடியவில்லை.

திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1876-இல் லகோட்டா, செயன் பழங்குடி வீரர்களிடம் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில், 1983-இல் பரவிய தீ புல்வெளியை எரித்து நிலத்தை வெறுமையாக்கியது. தொல்லியலாளர் ரிச்சர்ட் பாக்ஸ் அங்கே முதல் கள ஆய்வைச் செய்தார். அடுத்த இரு ஆண்டுகளில் அவரும் டக்ளஸ் ஸ்காட்டும், தொல்லியலாளர்கள் அதுவரை எதிரிகளாகவே கருதிவந்த மெட்டல் டிடெக்டர் ஆர்வலர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டு, வரிசையாக நடந்து தேடினர். கிடைத்த ஒவ்வொரு பொருளின் இடத்திலும் ஒரு சிறு கொடி நட்டு, அளந்து பதிந்த பிறகே அதை எடுத்தனர். தோட்டா உறைகளில் துப்பாக்கியின் சுடு ஊசி விட்ட தழும்பைக் குற்றவியல் ஆய்வகத்தில் செய்வதுபோல் ஒப்பிட்டபோது, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைத் தொடர முடிந்தது. பழங்குடி வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் வகைத் தொடர்சுடு துப்பாக்கிகள் கணிசமாக இருந்ததும் தெரியவந்தது. இறுதிவரை அணிகுலையாமல் நின்று போரிட்டார்கள் என்ற கதைக்கு மாறாக, படையின் ஒழுங்கு குலைந்து சிதறியதையே தடயங்கள் காட்டுகின்றன என்று பாக்ஸ் வாதிட்டார். சாட்சி சொன்ன பழங்குடியினரின் வாய்மொழிக்கும் இதனால் புதிய மதிப்புக் கிடைத்தது. இத்துறையின் மிகப் பெரிய நற்பயன் அதுவே என்று நான் கருதுகிறேன்.

இந்த முறை இங்கிலாந்திலும் பலன் தந்தது. 1485-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் வீழ்ந்த பாஸ்வொர்த் களம் அம்பியன் குன்றில் இருந்ததாக நெடுங்காலம் நம்பப்பட்டது. தொல்லியலாளர் கிளென் போர்ட் தலைமையில் நடந்த தேடலில், அங்கிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில், முப்பதுக்கும் மேற்பட்ட ஈயக் குண்டுகளும் ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி வடிவில் பொன் முலாம் பூசிய சிறு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தன. அவற்றை வெறும் சேகரிப்புப் பொருளாக எவரேனும் முன்பே எடுத்துச் சென்றிருந்தால், அந்தக் களம் இன்றும் தவறான குன்றிலேயே இருந்திருக்கும். பின்னர் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளும் சிறைமுகாம்களும் புதைகுழிகளும் ஆய்வுக்கு வந்ததால், துறையின் பெயரே மோதல் தொல்லியல் என விரிந்தது. 1916-இல் பிரான்சின் பிரோமெல் என்ற ஊரில் புதைக்கப்பட்ட 250 வீரர்களின் உடல்கள் 2009-இல் மீட்கப்பட்டு, அவர்களில் பலர் மரபணுச் சோதனையின் துணையோடு அடையாளம் காணப்பட்டார்கள்.

இனி உங்கள் குண்டுகள். ஒவ்வொன்றின் எடையையும் கிராமில் குறியுங்கள். ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் வார்த்த, காலாட்படையின் நீள்துப்பாக்கியான மஸ்கெட்டின் குண்டு ஏறத்தாழ 38 கிராம் இருக்கும். குதிரைவீரர்கள் ஏந்திய கைத்துப்பாக்கியின் குண்டு அதைவிட மிகவும் இலகுவானது. எனவே எடைகளின் பரவலே, காலாட்படை எங்கே நின்றது, குதிரைப்படை எங்கே பாய்ந்தது என்பதைக் காட்டத் தொடங்கும். குண்டின் மேல் தெரியும் பட்டை, தட்டையான முகம், வார்ப்புக் காம்பு (வார்க்கும்போது அச்சின் வாயில் எஞ்சும் துண்டு) ஆகியவை, அது சுடப்பட்டதா, மோதியதா, கைதவறி விழுந்ததா என்பதைச் சொல்லும். தேய்த்தால் அழிவது இந்தத் தடயங்கள்தான். தண்ணீரில் மெதுவாக மண்ணைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணிட்ட தனித்தனிப் பைகளில் இடுங்கள். ஈயம் நச்சுத்தன்மை உள்ளது என்பதால் கையுறை அணியுங்கள்.

இனித் தேடும்போது ஒவ்வொரு பொருளின் ஜிபிஎஸ் இடக்குறிப்பையும் எடுப்பதற்கு முன்பே பதியுங்கள். சம இடைவெளி விட்ட நேர்கோடுகளில் நடந்து, ஒன்றும் கிடைக்காத கோடுகளையும் குறியுங்கள், ஏனெனில் வெற்றிடமும் சான்றுதான். பிறகு உங்கள் பகுதியில் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் (Portable Antiquities Scheme) கண்டுபிடிப்புத் தொடர்பு அலுவலரிடம் (Finds Liaison Officer) அவற்றைக் காட்டுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஈயக் குண்டுகள் பொதுவாகப் புதையல் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அவை நில உரிமையாளருக்கே சொந்தம் என்பதால், வைத்துக்கொள்வது குறித்து அவரிடம் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். பொன், வெள்ளி கிடைத்தால் 14 நாட்களுக்குள் அறிவிக்கும் கடமை எழக்கூடும். அரசு பாதுகாப்புக்காகப் பட்டியலிட்ட நினைவுச்சின்ன நிலத்தில் டிடெக்டர் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அரசின் வேளாண் சூழல் திட்டத்தில் உள்ள வயலாக இருந்தால் அதன் நிபந்தனைகளையும் கேட்டறியுங்கள். மனித எலும்போ வெடிபொருளோ தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறையை அழையுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட குண்டுகளுக்கு, நினைவு மங்குவதற்குள், வயலின் வரைபடத்தில் அவை கிடைத்த பகுதியை வட்டமிட்டு, “தோராயம்” என்று அருகிலேயே எழுதி, அந்தப் படத்தையும் குண்டுகளோடு அலுவலரிடம் கொடுங்கள்.