ராஜ்தூத் 350: இடது பிளக் மட்டும் வெளுக்கிறதா?

வணக்கம் நண்பரே. உங்கள் ராஜ்தூத் 350 (இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் பைக்) வண்டியில் இடது ஸ்பார்க் பிளக் வெள்ளை (அதாவது பெட்ரோலைவிடக் காற்று அதிகம்), வலது காபிப்பொடி நிறம் (அதுதான் சரி), பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை மூன்று தடவை கழுவியும் மாறவில்லை என்கிறீர்கள். இனி அதைக் கழுவாதீர்கள், பாவம்.

எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டருக்குள்ளும் விரல் வைத்து த்ராட்டிலை மெல்லத் திருப்புங்கள். உள்ளே காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடுகள் இரண்டும் சேர்ந்தே எழ வேண்டும். ஒன்று முந்தினால் கேபிளைச் சரிசெய்தாலே போதும்.

அது சரியென்றால், இடது பக்கம் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரை வளைத்து வெடிப்பு பாருங்கள். வேலூர் வெயிலுக்கு எந்த ரப்பரும் தாங்காது. என் வண்டியில் ரப்பர் நன்றாகவே இருந்தது. ஆனால் த்ராட்டிலை மூடிய பிறகும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) இறங்காமல் நின்றது. காட்பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது அந்த இரைச்சல், அப்பப்பா! கடைசியில் இடது பக்கம் இருக்கும் ஆல்டர்னேட்டரை (மின்சாரம் தரும் பாகம்) கழற்றி, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, பிளக் துளை வழியாக 5 பிஎஸ்ஐ காற்று ஏற்றினேன். சோப்பு நுரை பூசியதும் அதன் பின்னால் இருக்கும் இடது கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. சீல் காய்ந்து கல்லாகியிருந்தது.

(வலது சீல் போனால் கதை வேறு: கிளட்ச் பக்க ஆயிலை இழுத்துப் புகை தள்ளும்.)

சீலை மாற்றும்வரை த்ராட்டிலை முறுக்காதீர்கள், பிஸ்டன் சீஸ் ஆகிவிடும் (சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிவிடும்).